ஒரே சர்வே எண், நான்கு நிலங்கள்: உங்கள் காட்டைத் தரம் பிரித்து வரைபடமாக்கும் முழு வழிகாட்டி

பட்டாவில் எங்கள் காட்டுக்கு ஒரே சொல்தான்: புன்செய். விருதுநகர் பக்கத்துக் கரிசல் பூமியில் ஐந்து ஏக்கர், ஒரே சர்வே எண். ஒரே நாளில் உழுது, ஒரே விதையைப் போடுவோம். தை பிறக்கும்போது போய்ப் பார்த்தால் கிழக்கே பள்ளத்தில் பருத்தி இடுப்பளவு நிற்கும். மேற்கே மேட்டில் முழங்காலைத் தாண்டியிருக்காது. "மேக்கால அப்படித்தான்" என்று சொல்லியே இரண்டு தலைமுறை போய்விட்டது.

அந்த மேட்டில் ஒரு வருடம் நாற்பது மாங்கன்று வைத்தோம். ஒன்றரை அடிக்குக் கீழே கடப்பாரை இறங்கவில்லை என்று குழி எடுத்த ஆட்கள் சொன்னார்கள். கேட்டுக்கொண்டே நட்டோம். மூன்றாவது கோடையில் பாதிக்கு மேல் பட்டுப்போனது. உரம் போதவில்லை, தண்ணீர் போதவில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். காரணம் ஒன்றரை அடியில் இருந்தது. அதற்குப் பிறகுதான் காட்டை அளந்து, தோண்டி, தரம் பிரித்து ஒரு படமாக வரைந்தேன். அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதை இங்கே முறையாக எழுதுகிறேன். ஐந்து ஏக்கருக்கு எனக்கு ஆறு நாள் ஆனது, ஆய்வுக்கூட முடிவுக்குக் காத்திருந்தது தனி.

இரண்டு முறைகள், இரண்டு கேள்விகள்

நிலத்தைத் தரம் பிரிக்க உலகெங்கும் இரண்டு முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, அமெரிக்க வேளாண் துறையின் மண் பாதுகாப்புப் பிரிவு 1961-ல் கையேடாக வெளியிட்ட நிலத்திறன் வகைப்பாடு. இதில் எட்டு வகுப்புகள். முதல் நான்கும் உழுது பயிரிடத் தக்கவை, ஐந்து முதல் எட்டு வரை மேய்ச்சல், மரம், வனம் என்று விடவேண்டியவை. அரிப்பு, நீர்த்தேக்கம், வேர் மண்டலக் குறை, தட்பவெப்பம் என்று எதனால் தரம் குறைந்தது என்பதையும் வகுப்போடு சேர்த்து எழுதுவார்கள். இந்த முறை கேட்கும் கேள்வி: இந்த நிலம் உழவைத் தாங்குமா?

இரண்டாவது, ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 1976-ல் வகுத்த நில மதிப்பீட்டு முறை. இது பயிரைச் சொன்னால்தான் தரத்தைச் சொல்லும். மிகவும் ஏற்றது எஸ்1, ஓரளவு ஏற்றது எஸ்2, குறைவாக ஏற்றது எஸ்3, இப்போதைக்கு ஏற்றதில்லை என்1, என்றைக்கும் ஏற்றதில்லை என்2. நாக்பூரில் உள்ள தேசிய மண் ஆய்வு மற்றும் நிலப் பயன்பாட்டுத் திட்டமிடல் நிறுவனம் இரண்டு முறைகளையும் இந்தியாவுக்கு ஏற்ற அளவுகளோடு பயன்படுத்துகிறது.

ஒரு விவசாயிக்கு இரண்டும் வேண்டும். முதல் முறையால் நிலத்தைக் காப்பாற்றுகிறோம், இரண்டாவதால் பயிரைத் தேர்ந்தெடுக்கிறோம்.

மூன்றாவதாக ஒன்று நம் கையிலேயே இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டில் "மண் வயனமும் ரகமும்", "மண் தரம்" என்று இரண்டு கலங்கள் இருக்கும். ஆங்கிலேயர் காலத்தில், விவசாயியிடமே நேரடியாக வரி வாங்கிய ரயத்துவாரி நிலவரித் திட்டத்தின்போது தீர்வை போடுவதற்காகக் கரிசல், செம்மண், மணற்பாங்கு என்று பிரித்து, அதற்குள் தரம் வைத்தார்கள். வரிக்காகச் செய்தது, ஒரு சர்வே எண்ணுக்கு ஒரு தரம்தான். ஆனாலும் அந்தக் கலத்தைப் பாருங்கள். அக்கம்பக்கத்துச் சர்வே எண்களின் தரத்தோடு ஒப்பிட்டால், மண் எங்கே மாறுகிறது என்று முதல் தடயம் கிடைக்கும்.

முதல் வேலை: அடிப்படைப் படம்

புல வரைபடம், அதாவது எஃப்.எம்.பி., தமிழக அரசின் இணையச் சேவையில் இலவசமாகக் கிடைக்கிறது. மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் போதும். படத்தில் எல்லைக் கற்களும் அவற்றுக்கு இடையே உள்ள நீளங்களும் இருக்கும். மூலையில் அளவுகோல் எழுதியிருப்பார்கள். 1:1000 என்றால் படத்தில் ஒரு சென்டிமீட்டர் நிலத்தில் பத்து மீட்டர். பழைய படத்தில் லிங்க்ஸ் கணக்கு இருந்தால், ஒரு லிங்க் சுமார் 20 சென்டிமீட்டர் என்று மாற்றிக்கொள்ளுங்கள். அச்செடுக்கும்போது "பக்கத்துக்குப் பொருத்து" என்ற தேர்வு இருந்தால் அளவு மாறிவிடும். அச்செடுத்ததும் ஒரு கோட்டை ஸ்கேல் வைத்துச் சரிபார்த்துவிடுங்கள்.

அப்புறம் காட்டில் எல்லைக் கற்களைத் தேடுங்கள். இரண்டு கல்லாவது கண்ணுக்குத் தெரியவேண்டும். கைப்பேசி ஜி.பி.எஸ். மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை தவறலாம். ஐம்பது மீட்டர் அகலமுள்ள காட்டில் அது பத்தில் ஒரு பங்கு பிழை. கல்லிலிருந்து டேப் பிடிப்பதே மேல்.

இதோடு ஒன்று செய்யுங்கள். கூகுள் எர்த் மென்பொருளில் பழைய ஆண்டுகளின் படங்களைப் பார்க்கும் வசதி இருக்கிறது. உழுது போட்ட கோடைகாலப் படம் ஒன்றை எடுங்கள். செவல் என்னும் செம்மண் சிவப்பாகவும் கரிசல் கருமையாகவும் தனித்தனியே தெரியும். எங்கள் காட்டில் வடக்கு தெற்காக ஒரு வளைந்த கோடு தெரிந்தது. வருடக்கணக்கில் நடந்த காடு, அந்தக் கோட்டை நான் தரையில் கவனித்ததே இல்லை.

இரண்டாவது: நடப்பதும் கேட்பதும்

காட்டை இரண்டு முறை நடந்து பார்க்கவேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் ஒரு முறை, பெருமழை பெய்த மறுநாள் ஒரு முறை. வெயிலில் வெள்ளைப் பொருக்கு தெரியும் இடம் உவர், அதாவது உப்பு மண். மழைக்கு மறுநாளும் கால் புதையும் இடம், தண்ணீர் கலங்கலாகவே நிற்கும் இடம், இவற்றையெல்லாம் படத்தில் பென்சிலால் குறியுங்கள். களரில், அதாவது சோடியம் மிகுந்த மண்ணில், தேங்கிய தண்ணீர் தெளியவே தெளியாது, அது நல்ல அடையாளம்.

களைச்செடிகளும் சாட்சி சொல்லும். கோரை அடர்ந்த இடம் ஈரம் வடியாத இடம். உமரி முளைத்தால் உப்பு. கருவேலத்தை நம்பவேண்டாம், அது எல்லா மண்ணிலும் வரும்.

உழுதவரைக் கேளுங்கள். எங்களுக்கு டிராக்டர் ஓட்டும் அண்ணாச்சி சொன்னது: "மேமூலையில கொழு கிறீச்சுன்னு சத்தம் போடும் தம்பி, தூக்கிப் பிடிச்சுக்கிடுவேன். பள்ளத்துல ஈரம் கூடுனாலும் உழ முடியாது, குறைஞ்சாலும் முடியாது." கல்லின் ஆழத்தையும் கரிசலின் உழுபக்குவத்தையும் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். பிறகு நான் தோண்டிய குழிகள் இதை உறுதிசெய்தன, அவ்வளவுதான்.

மூன்றாவது: சரிவு

கொத்தனார் வைத்திருக்கும் மட்டக்குழாய் போதும். இருபது மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு கம்புகளில் சென்டிமீட்டர் கோடு போட்டு, குழாயின் இரு முனைகளையும் கட்டுங்கள். இருபது மீட்டர் தள்ளி நின்று இரண்டு மட்டங்களையும் படியுங்கள். வித்தியாசம் 20 சென்டிமீட்டர் என்றால் சரிவு ஒரு சதவீதம், 60 என்றால் மூன்று. மேட்டிலிருந்து பள்ளம் நோக்கி இரண்டு மூன்று வரிசைகள் எடுத்தால் போதும்.

ஒரு சதவீதத்துக்குள் சமதளம். ஒன்று முதல் மூன்று வரை மென்சரிவு, வரப்பும் சரிவுக்குக் குறுக்கே உழவும் போதும். மூன்று முதல் ஐந்து என்றால் சமமட்ட வரப்பு கட்டாயம். ஐந்தைத் தாண்டினால் மானாவாரியில் வருடாவருடம் உழுவதையே யோசிக்கவேண்டும். செயற்கைக்கோள் உயரத் தரவை இறக்கிச் சரிவு கணக்கிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இலவசமாகக் கிடைக்கும் தரவில் ஒரு கட்டம் முப்பது மீட்டர். ஒரு ஏக்கருக்கு நான்கைந்து கட்டம்தான் வரும், உயரத்திலும் சில மீட்டர் பிழை இருக்கும். கிராமம் முழுவதற்கும் அது சரி, காட்டுக்கு மட்டக்குழாய்தான்.

நான்காவது: குழி

இந்த வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. நிறம், சரிவு, களை, உழுதவர் சொன்னது எல்லாவற்றையும் வைத்துக் காட்டைத் துண்டுகளாகப் பிரியுங்கள். துண்டுக்கு ஒரு குழி. வரப்பு ஓரம், மரத்தடி, குப்பை கொட்டிய இடம் வேண்டாம். மூன்றடி நீளம், இரண்டரை அடி அகலம், நெஞ்சளவைத் தாண்டாத ஆழம். ஒரு பக்கம் படிக்கட்டுப் போல விடுங்கள், இடிந்தால் வெளியேற வழி வேண்டும். இன்னும் ஆழம் பார்க்க வேண்டுமென்றால் குழியின் அடியிலிருந்து மண் துளைப்பானைப் போடலாம். வெயில் விழும் பக்கத்துச் சுவரைக் கத்தியால் செதுக்கிச் சுத்தப்படுத்திவிட்டு, டேப்பைத் தொங்கவிட்டு, மேலிருந்து கீழாக எழுதிக்கொண்டே வாருங்கள்.

எங்கள் மேட்டுக் குழியில் முதல் 15 சென்டிமீட்டர் பழுப்புச் சிவப்பு மண், புல் வேர் நிறைய. அதற்குக் கீழே 38 வரை செம்மண்ணும் சரளையும் கலந்து, வேர் குறைந்துகொண்டே போனது. 38-ல் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல், அதாவது சுண்ணாம்புக் கல், இறுகிக் கிடந்தது. ஒரு துண்டை எடுத்து வினிகர் விட்டேன், சுர்ரென்று நுரைத்தது. மாங்கன்றின் செத்த ஆணிவேர் ஒன்று அந்தச் சுக்கான் மேல் வந்து, செங்குத்தாக இறங்க முடியாமல் பக்கவாட்டில் மடங்கி ஓடியிருந்தது. அதைப் பார்த்தபோது மனசு கனத்துவிட்டது. மூன்று வருடம் அந்தக் கன்று கீழே போக வழி தேடியிருக்கிறது.

பள்ளத்துக் குழி வேறு உலகம். கோடை வெடிப்பு இரண்டடி ஆழம் வரை இறங்கியிருந்தது. கட்டியை உடைத்தால் உள்முகம் எண்ணெய் தடவியது போல் மினுமினுத்தது. ஈரத்தில் விரிந்தும் காய்ச்சலில் சுருங்கியும் மண் ஒன்றோடொன்று உரசிக்கொள்வதால் வரும் வழவழப்பு அது. 110 சென்டிமீட்டர் வரை தோண்டி, அடியில் துளைப்பான் போட்டு 150 வரை பார்த்தேன். அப்போதும் கரிசல்தான்.

குழியில் எழுதவேண்டியவை: ஒவ்வோர் அடுக்கும் எங்கே மாறுகிறது, நிறம், கல் எவ்வளவு, வேர் எதுவரை, இறுகிய அடுக்கு உண்டா, சாம்பல் நிறத்தில் துருப்பிடித்தது போன்ற திட்டுகள் உண்டா. அந்தத் திட்டுகள் வருடத்தில் சில காலம் அங்கே தண்ணீர் தேங்குவதைச் சொல்கின்றன. பயிருக்குக் கணக்கு வேர் இறங்கும் ஆழம்தான். சுக்கானுக்கும் பாறைக்கும் கீழே எவ்வளவு மண் இருந்தாலும் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஐந்தாவது: மண்ணின் நயம்

நயம் என்றால் மண்ணில் மணலும் களியும் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பது. ஒரு கைப்பிடி மண்ணைச் சலித்து, சப்பாத்தி மாவு பதத்துக்குத் தண்ணீர் விட்டுப் பிசையுங்கள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துப் பட்டையாகத் தள்ளுங்கள். உருண்டையே நிற்காவிட்டால் மணல். இரண்டரை சென்டிமீட்டருக்குள் பட்டை ஒடிந்தால் குறுமண் (மணல், வண்டல், களி மூன்றும் கலந்த மண்) வகை. இரண்டரை முதல் ஐந்து என்றால் களி கலந்த குறுமண். ஐந்தைத் தாண்டித் தொங்கினால் களிமண். எங்கள் கரிசல் ஏழு சென்டிமீட்டர் வரை ஒடியாமல் வந்தது, மேட்டு மண் இரண்டிலேயே உதிர்ந்தது. ஒவ்வோர் அடுக்குக்கும் செய்துபாருங்கள், மேல்மண் ஒன்றாகவும் அடிமண் வேறாகவும் இருப்பது சாதாரணம்.

ஆழத்தையும் நயத்தையும் வைத்து ஒரு கணக்கு போடலாம். எனக்கு இந்த முழு வேலையிலும் கண்ணைத் திறந்த கணக்கு இதுதான். ஒரு மீட்டர் ஆழக் களிமண் பயிருக்குக் கிடைக்கும்படி 150 முதல் 200 மில்லிமீட்டர் தண்ணீரைப் பிடித்து வைக்கும். மணல் கலந்த குறுமண் மீட்டருக்கு 100 பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதியைத்தான் பயிர் சிரமமில்லாமல் எடுக்கும். வளர்ந்த பயிர் நாளொன்றுக்கு நான்கைந்து மில்லிமீட்டர் குடிக்கும்.

கரிசல் பள்ளத்தில் ஒரு மீட்டரை மட்டும் எடுத்தாலே பாதி என்பது 75 முதல் 100. நல்ல மழைக்குப் பிறகு ஏறக்குறைய இருபது நாள் தாங்கும். மேட்டில் 38 சென்டிமீட்டருக்கு 38 மில்லிமீட்டர். மூன்றில் ஒரு பங்கு சரளை, கழித்தால் 25. பாதி பன்னிரண்டரை. மூன்று நாள்! நம் வட்டாரத்தில் மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில்தான். இரண்டு மழைக்கு நடுவே பத்து நாள் இடைவெளி விழுந்தால் பள்ளத்துப் பருத்திக்குத் தெரியாது, மேட்டுப் பருத்தி நான்காம் நாளே வாடத் தொடங்கிவிடும். ஒரே மழை, ஒரே விதை, எதனால் இடுப்பும் முழங்காலும் என்பதற்கு இதுதான் விடை.

ஆறாவது: நீர் இறங்கும் வேகம்

இரு பக்கமும் திறந்த, ஒரு அடி விட்டமுள்ள தகர வளையத்தைப் பத்து சென்டிமீட்டர் மண்ணில் அடித்து இறக்குங்கள். தண்ணீர் ஊற்றி நன்றாக ஊறவிட்டு, மறுபடி நிரப்பி, மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். 30-க்கு மேல் மணல், 10 முதல் 20 குறுமண், ஐந்துக்குக் கீழே களி. ஒற்றை வளையத்தில் தண்ணீர் பக்கவாட்டிலும் கசியும், அதனால் இதைத் துல்லியமாக எடுத்துக்கொள்ளாமல் துண்டுக்குத் துண்டு ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள்.

ஏழாவது: ஆய்வுக்கூடம்

துண்டுக்குத் தனி மாதிரி. ஒவ்வொரு துண்டிலும் பத்துப் பதினைந்து இடத்தில் 'வி' வடிவத்தில் 15 சென்டிமீட்டர் வெட்டி, ஓரத்துச் சுவரிலிருந்து ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுத்து, கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கை நீக்கி நீக்கி அரை கிலோ ஆக்குங்கள். மரப்பயிர் வைப்பதாக இருந்தால் குழியிலிருந்து ஒவ்வொரு அடிக்கும் தனி மாதிரி வேண்டும்.

மண்வள அட்டை ஏற்கெனவே இருக்கிறதே என்று சொல்லலாம். 2015-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் இறவை நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கும் மானாவாரியில் 10 ஹெக்டேருக்கும் ஒரு மாதிரி எடுப்பது விதி. பத்து ஹெக்டேர் என்றால் கிட்டத்தட்ட 25 ஏக்கர். மாதிரி பக்கத்துக் காட்டிலிருந்து வந்திருக்கலாம். பரிந்துரைக்கு உதவும், உங்கள் காட்டைத் துண்டு பிரிக்க உதவாது.

முடிவில் முதலில் பார்க்கவேண்டியது மண்ணின் அமில காரத் தன்மையைச் சொல்லும் பி.எச். எண்ணும், உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்து திறனும். பி.எச். 8.5-ஐத் தாண்டினால் களர் என்று சந்தேகப்பட்டு, பரிமாற்ற சோடியம் எத்தனை சதவீதம் என்று கேட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். 15-க்கு மேல் போனால் களர்தான். மின்கடத்து திறன் செறிவூட்டிய மண்சாற்றில் மீட்டருக்கு 4 டெசிசீமென்ஸைத் தாண்டினால் உவர். பெரும்பாலான ஆய்வுக்கூடங்கள் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரை பங்கு தண்ணீர் கலந்து அளப்பதால் எண் குறைவாகத் தெரியும். எந்த முறை என்று கேட்டுவிட்டுத்தான் ஒப்பிடவேண்டும். கிணற்றுத் தண்ணீரையும் கொடுங்கள். எஞ்சிய சோடியம் கார்பனேட் லிட்டருக்கு 2.5 மில்லி ஈக்விவலென்ட்டுக்கு மேல் இருந்தால் அந்தத் தண்ணீரே நல்ல மண்ணைக் களராக்கிவிடும்.

தழை, மணி, சாம்பல் சத்துகளைத் தரம் பிரிப்பதில் நான் சேர்ப்பதில்லை. அவை உரத்தால் ஒரு பட்டத்தில் மாறக்கூடியவை. வருடாவருடம் மாறும் ஒன்றை வைத்து வரைந்த படம் அடுத்த வருடமே பொய்யாகும்.

எட்டாவது: தரம் வைப்பது

எங்கள் காடு நான்கு துண்டுகளாகப் பிரிந்தது. அ: மேடு, 1 ஏக்கர் 20 சென்ட், ஆழம் 38 செ.மீ., சரிவு 4 சதவீதம். ஆ: நடுச்சரிவு, 2 ஏக்கர், செவலும் கரிசலும் கலந்த மண், ஆழம் 70, சரிவு 2. இ: கரிசல் பள்ளம், ஒன்றரை ஏக்கர், ஆழம் 150-க்கு மேல், பி.எச். 8.3. ஈ: தென்கிழக்கு மூலை, 30 சென்ட், அதே கரிசல், ஆனால் பி.எச். 8.7, தண்ணீர் நின்றால் வடிய மூன்று நாள்.

முதலில் நிலத்திறன் வகுப்பு. இ மட்டும் இரண்டாம் வகுப்பு, ஆ மூன்று, ஈ நீர்த்தேக்கத்தாலும் களராலும் நான்கு. அ ஆழக்குறைவாலும் அரிப்பாலும் நான்கின் விளிம்பில் இருக்கிறது. உழலாம், ஆனால் வருடாவருடம் வேண்டாம்.

அப்புறம் பயிர்வாரியாக. இந்திய மண் ஆய்வு அட்டவணைகளை ஒட்டி ஆழத்துக்கு நான் வைத்துக்கொண்ட அளவு இது. பருத்திக்கு 100 செ.மீ.க்கு மேல் எஸ்1, 60 முதல் 100 எஸ்2, 30 முதல் 60 எஸ்3, அதற்குக் கீழே ஏற்றதில்லை. நிலக்கடலைக்கு 75-க்கு மேல் எஸ்1, 50 முதல் 75 எஸ்2, 25 முதல் 50 எஸ்3. மாமரத்துக்கு 200-க்கு மேல் எஸ்1, 125 முதல் 200 எஸ்2, 75 முதல் 125 எஸ்3, 75-க்குக் கீழே ஏற்றதில்லை. இதேபோல் நயம், சரிவு, பி.எச்., வடிகால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே தரம் எழுதுங்கள்.

கடைசித் தரம் எது? எல்லாவற்றிலும் மோசமானது எதுவோ அதுதான். சராசரி எடுக்கவே கூடாது. எங்கள் மேட்டுக்கு மாமரத்தை வைத்துப் பத்துக்கு மதிப்பெண் போட்டுப் பாருங்கள்: மழை 9, சரிவு 7, பி.எச். 9, உப்பு 10, ஆழம் 2. கூட்டினால் 37, சராசரி 7.4. நல்ல நிலம் என்று சொல்லும். அந்த நல்ல நிலத்தில்தான் கன்றுகள் செத்தன. ஒவ்வொரு காரணிக்கும் எடை கொடுத்துக் கூட்டும் முறை ஆய்வுக்கட்டுரைகளில் நிறைய வருகிறது. மாவட்ட அளவில் ஒரு பொதுவான சித்திரம் வேண்டுமென்றால் அது உதவலாம். நடவு முடிவை அதை நம்பி எடுக்காதீர்கள்.

தரத்தோடு காரணத்தையும் எழுதுங்கள். ஆ ஆழம், ச சரிவு, ந நயம், வ வடிகால், உ உவர் களர் என்று நான் எழுத்து வைத்துக்கொண்டேன் (இந்த ஆ வேறு, துண்டின் பெயரான ஆ வேறு). மேட்டுக்குப் பருத்தி எஸ்3-ஆ, கடலை எஸ்3-ஆ, மா என்2-ஆ. நடுச்சரிவுக்குப் பருத்தி எஸ்2-ஆ, கடலை எஸ்2-ஆ. கரிசலுக்குப் பருத்தி எஸ்2-உ. அதே கரிசலில் கடலை எஸ்3-ந: பூவிலிருந்து ஊசி மண்ணுக்குள் இறங்கும், காய் பிடிக்கும், ஆனால் பிடுங்கும்போது மண் இறுகிப்போய்ப் பாதிக் காய் உள்ளேயே அறுந்து நிற்கும். ஆழத்தில் முதலிடம் வாங்கிய மண் நயத்தில் கீழே போவது இப்படித்தான்.

ஒன்பதாவது: மாற்ற முடிந்ததும் முடியாததும்

ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு தரம் எழுதவேண்டும், இன்றைய தரம், திருத்திய பின் தரம். ஈ மூலைக்குக் கடலை இன்று என்1. ஆய்வுக்கூடம் சொன்ன அளவு ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் கட்டி, சோடியத்தை வடிகால் வழியே வெளியேற்றினால் களர் இறங்கும். வடிகால் வெட்டாமல் ஜிப்சம் மட்டும் போடுவது காசைக் கரைப்பது. ஆனால் களர் இறங்கினாலும் அங்கே கரிசலின் நயம் அப்படியேதான் இருக்கும், அதனால் கடலை எஸ்3-ந வரைதான் ஏறும். பருத்திக்கு அந்த மூலை இன்று எஸ்3-உ, திருத்தினால் எஸ்2 ஆகலாம்.

ஆழம் அப்படி மாறாது. கண்மாய்க் கரம்பை, அதாவது அடி வண்டல், அடித்து மேட்டை உயர்த்தலாமே என்று வீட்டில் கேட்டார்கள். ஒரு ஏக்கரில் ஓர் அங்குல உயரத்துக்கு சுமார் 100 கனமீட்டர் மண் வேண்டும். ஒரு டிப்பரில் மூன்று கனமீட்டர் என்றால் முப்பத்து நான்கு நடை. ஓர் அங்குலத்துக்கு! கரம்பை மேல்மண்ணின் நீர் பிடிக்கும் தன்மையைக் கூட்டும், அதற்காகப் போடலாம். 38-ஐ 75 ஆக்க முடியாது.

பத்தாவது: படம்

புல வரைபடத்தின் மேல் டிரேசிங் தாளை வைத்து, குழிகளையும் மட்டப் புள்ளிகளையும் குறித்து, துண்டுகளின் எல்லையை வரையுங்கள். நிலத்திறன் படத்துக்கு உலக வழக்கில் நிறம் உண்டு: ஒன்று வெளிர்பச்சை, இரண்டு மஞ்சள், மூன்று சிவப்பு, நான்கு நீலம், ஐந்து கரும்பச்சை, ஆறு ஆரஞ்சு, ஏழு பழுப்பு, எட்டு ஊதா. பயிர்ப் பொருத்தப் படம் பயிருக்கு ஒன்று தனியாக வேண்டும். எல்லைக் கோடு உறுதியாகத் தெரிந்த இடத்தில் முழுக்கோடு, மண் மெல்ல மாறும் இடத்தில் விட்டுவிட்ட கோடு. ஆ, இ துண்டுகளுக்கு நடுவே பத்து மீட்டர் அகலத்தில் இரண்டு மண்ணும் கலந்த பட்டை இருக்கிறது. அதை ஒரே கோடாக வரைவது உண்மைக்கு மாறானது.

கணினியில் வேண்டுமென்றால் கியூஜிஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. புல வரைபடத்தை எல்லைக் கற்களின் ஜி.பி.எஸ். புள்ளிகளோடு பொருத்தி, துண்டுகளை வரைந்தால் பரப்பை ஏக்கர் கணக்கில் தானே சொல்லும். சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தை இதன் மேல் போட்டுப் பார்க்கலாம். அதில் ஒரு கட்டம் பத்து மீட்டர், ஏக்கருக்கு நாற்பது கட்டம் வரும். தை மாதப் பசுமையும் உங்கள் கோடுகளும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்க அது போதும்.

அரசு வெளியிடும் மண் படங்களைப் பார்க்கும்போது அளவைக் கவனியுங்கள். 1:2,50,000 படத்தில் ஒரு மில்லிமீட்டர் 250 மீட்டர். ஐந்து ஏக்கர் அதில் ஒரு புள்ளி. கர்நாடகத்தில் நீர்வடிப்பகுதி மேம்பாட்டுக்கான சுஜலா திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் நில வள ஆய்வை 1:7,920 என்ற சர்வே பட அளவிலேயே செய்தார்கள், காட்டுக்குக் காடு தெரியும்படி. நம் மாவட்டங்களுக்கும் அப்படி ஒன்று வரவேண்டும் என்பது என் ஆசை. அதுவரை மண்வெட்டி நம் கையில் இருக்கிறது.

படம் சரியா என்று எப்படித் தெரியும்? அடுத்த அறுவடையில் துண்டுக்குத் துண்டு தனியாகப் பறித்து எடை போடுங்கள். எஸ்3 என்று எழுதிய இடம் எஸ்2-ஐ விட அதிகம் விளைந்தால் படம்தான் தப்பு, போய் இன்னொரு குழி தோண்டுங்கள். கிணறு புதிதாக வந்தாலோ, கண்மாய் மடை மாறினாலோ, பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பை உயர்த்தினாலோ வடிகாலை மறுபடி பார்க்கவேண்டும். குழியின் குறிப்புகள் அப்படியே இருக்கும், அவற்றைத் தேதி போட்டு பட்டாவோடு சேர்த்து வையுங்கள்.

எங்கள் காட்டில் இந்த வருடம் பருத்தி இ துண்டில் மட்டும். ஆ-வில் குறுக்கே நான்கு வரப்பு போட்டு நிலக்கடலை. ஈ மூலையில் வடிகால் வெட்டியாயிற்று, ஜிப்சம் ஆடியில். மேட்டை உழவில்லை. செத்த மாங்கன்றுக் குழிகளை மூடிவிட்டு, கொழுக்கட்டைப் புல் விதை தூவி ஆட்டுக்கு விட்டிருக்கிறோம். ஐப்பசி மழை மேட்டிலிருந்து ஓடிவந்து சேரும் இடத்தில், கரிசல் தொடங்கும் விளிம்பில், பண்ணைக்குட்டைக்குக் கயிறு கட்டி அளந்து வைத்திருக்கிறேன். அந்தக் களி தண்ணீரைப் பிடித்து வைக்கும் என்பது ஏழு சென்டிமீட்டர் பட்டையில் தெரிந்ததுதான்.